நான்கு கட்டத்துக்குள் உன் பெயர்

அன்புள்ள யாழினி,

ஒசாகாவின் நிப்பொம்பாஷிக் கடையில் டிராகன் குவெஸ்ட் 5 என்ற பழைய வீடியோ கேமின் கேட்ரிட்ஜ்கள் கத்தரிக்காய் போல் கூடையில் குவிந்து கிடக்கின்றன, ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். குவியாமல் என்ன செய்யும்? ஜப்பானில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்ற சரக்கு அது. கூடவே, "செல்பேசியில் ஆங்கிலத்திலேயே கிடைக்கிறதே அப்பா, அதை ஆடக்கூடாதா?" என்றும் ஒரு கேள்வி. இரண்டுக்கும் என் பதில், வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் இதைச் சொன்னால் வயதானவரின் பிடிவாதம் என்பாய். அதனால்தான் கடிதம்.

1992 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான விளையாட்டு அது. அந்த டிசம்பரிலேயே, இங்கே சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில், அதை ஆடும் நிண்டெண்டோ கருவியான சூப்பர் ஃபாமிகாமையும் அதையும் சேர்த்து வாங்கினேன். உன் அம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். பிரசவத்துக்கு வைத்திருந்த பணம் என்று அவள் இன்றும் சொல்வாள். ஆண்டிறுதி போனஸ் என்பது என் கட்சி. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்த அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினேன். புகை வந்தது. தொலைக்காட்சி பழுதுபார்த்துப் பிழைத்தவன் செய்த காரியம் இது! மறுநாள் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தேன். இப்போது படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. அவர்களுடையது என்டிஎஸ்சி தொலைக்காட்சி முறை, நம் ஊரில் பிஏஎல். இரண்டையும் ஏற்கும் பழைய பெட்டி ஒன்றைப் பட்டறையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்த பிறகுதான் புல் பச்சையானது.

ஏன் இத்தனை பாடு என்றால், ஆங்கிலத்தில் அந்த விளையாட்டு அப்போது இல்லவே இல்லை. முதல் நான்கு பாகங்களைப் பெயர் மாற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் ஐந்தாவதை விட்டுவிட்டார்கள். முறைப்படி ஆங்கிலத்தில் வருவதற்கு 2009 ஆனது.

முதலில் திரை உன் பெயர் என்ன என்று கேட்டது. நான்கு எழுத்துக்குள் சொல்ல வேண்டும். கீழே கட்டம் கட்டமாக ஹிராகனா என்ற ஜப்பானிய எழுத்துகள். பிராஸ் பாசாவில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். அ, இ, உ, எ, ஒ. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஐந்து குறில்கள், நம் வரிசையிலேயே! அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப ஒலித்ததாம். நான் ஒன்றாம் வகுப்பில் ஒப்பித்த உயிர்மெய் அட்டவணையே, சில எழுத்துகள் மட்டும் விழுந்துபோய், தொலைக்காட்சியில் நின்றது. இந்தியாவிலிருந்து சென்ற சித்தம் எழுத்தைப் பயின்ற பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன வரிசை அது. இதை உன் தாத்தாவிடம் சொன்னது தப்பாகிவிட்டது. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ எழுதியதை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தாத்தா மட்டும் அன்றிரவே ஏற்றுக்கொண்டு, புளோக்கின் கீழே சீட்டாட வருகிறவர்களிடமெல்லாம் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் மந்திரங்களின் பெயர்களைப் பார்த்தபோது எனக்கே சபலம் தட்டியது. நெருப்பு மந்திரத்தின் பெயர் 'மெரா'. தீ கொழுந்துவிட்டு எரிவதை அவர்கள் 'மெராமெரா' என்பார்கள். நாம் 'திகுதிகு' என்போம். அதாவது, மந்திரத்துக்கே 'திகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண் கூசும் ஒளிக்கு 'கிராகிரா'. அதிலிருந்து 'கிரா' என்று இன்னொரு மந்திரம். இரட்டைக்கிளவியைப் பாதியாக வெட்டினால் மந்திரம் ஆகிவிடும் என்ற, இந்த விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹோரியின் மூளைக்கு எதைக் கொடுத்தாலும் தகும். 'மெரா'வை ஆங்கிலத்தில் 'ஃபிரிஸ்' என்று எண்ணெய்ச் சட்டி பொரிவதுபோல் மாற்றியிருக்கிறார்கள். மோசமில்லை. அதைக் கேட்டால் எனக்குச் சட்டிதான் நினைவுக்கு வருகிறது.

கதை உனக்குத் தெரியும், ஆனாலும் நீ ஆடியது எட்டு வயதுக்குள். முக்கால்வாசியை ஸ்லைம் என்ற குட்டி அரக்கனைத் துரத்தியே கழித்தாய். (அம்மா அதைக் கொழுக்கட்டை என்பாள். ஹோரி கிறுக்கிக் கொடுத்த குவியலை ஓவியர் தோரியாமா அப்படிக் கண்ணும் வாயும் வைத்து வரைந்தார். 2024 மார்ச்சில் அவர் இறந்த செய்தி வந்த அன்று நீ பேசியது நினைவிருக்கிறது.) அப்பன் பப்பாஸ் மகன் கண் முன்னால் சாகிறான். மகன் பத்து ஆண்டுகள் அடிமையாகக் கல் சுமக்கிறான். தப்பித்து ஊருக்கு வந்தால் ஊர் பாழாகிக் கிடக்கிறது. ஊருக்குப் பின்னால் குகை. குகையின் அடியில் ஒரு வாளும், மகனுக்கு அப்பன் எழுதிவைத்த ஒரு கடிதமும்.

அந்தக் கடிதத்தைப் படிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. பெரும்பாலும் ஹிராகனா என்பதால் ஒலிக்கத் தெரிந்தது, பொருளுக்குத்தான் அகராதி. நம் மொழி போலவே வினைச்சொல் கடைசியில் வரும். அப்பன் போ என்கிறானா, போகாதே என்கிறானா என்பது வரி முடியும்வரை தெரியாது. முதல் இரவில், தான் இப்போது உன் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்று அவன் சொல்வதுவரை வந்தேன். மறுநாள் பட்டறையில் ஒரு பிக்சர் டியூபைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதும் அதே நினைவு. இரண்டாம் இரவில், தாய் உயிரோடு இருக்கிறாள் என்பது. மூன்றாம் இரவில், அவளை மீட்கப் புராண வீரனைத் தேடு என்பது. பிறகு மகன் அந்த வாளை எடுத்துப் பார்க்கிறான். அவனால் அதை ஏந்த முடியவில்லை. புராண வீரன் அவன் இல்லை! அப்படி ஒரு திருப்பத்தை நான் எந்தச் சினிமாவிலும் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் அந்தக் கடிதத்தை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்தியிருப்பேன். செல்பேசி வேண்டாம் என்பதற்கு என்னிடம் இருக்கும் காரணம் இதுதான்.

பிப்ரவரி கடைசியில், விளையாட்டில் அவன் மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மறுபடியும் அந்த எழுத்துக் கட்டம். பையனுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர். எங்கள் வீட்டிலோ என்ன குழந்தை என்று தெரியாமல் இரண்டு பெயர்களோடு காத்திருந்த நேரம். பையனானால் இனியன் என்று நான். பெண்ணானால் யாழினி என்று உன் அம்மா. கதையின் தொடக்கத்திலும் பப்பாஸ் 'தொன்னுரா' என்று ஒரு பெயரைப் பெருமையாகச் சொல்வான். அவன் மனைவி பாராட்டிவிட்டு, தான் நினைத்த பெயரையே வைத்துவிடுவாள். எந்த ஊரானாலும் இப்படித்தான் போலிருக்கிறது. ழ இல்லாத எழுத்தில் உன்னை 'யரினி' என்றுதான் எழுத முடிந்தது. 'யரி' என்றால் ஈட்டி என்று அப்புறம் அகராதி சொன்னது. பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பே யாழ் ஈட்டியாகிவிட்டது. உன் அலுவலகத்தில் இன்று அழைப்பதும் அப்படித்தானே?

வாள் மகனுக்குத்தான், மகளுக்கு மந்திரம்தான் என்று பன்னிரண்டு வயதில் நீ சண்டை போட்டது நியாயமே.

அதன்பின் அவன் கல்லாகிறான். எட்டு ஆண்டுகள், யாரோ பணக்காரர் வீட்டு முற்றத்தில் சிலையாக நிற்கிறான். பனி விழுகிறது, புல் முளைக்கிறது, அந்த வீட்டுக் குழந்தை நடை பழகுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அகராதி தேவைப்படாத இடம் அது. அவனைக் குழந்தைகள் வந்து மீட்ட இடத்தில் சேமித்து நிறுத்தினேன். மார்ச்சில் நீ வந்துவிட்டாய். இன்றுவரை அதற்கு மேல் ஆடவில்லை.

ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சாகச ஏடுகளில் இரண்டாவது உன்னுடையது. தோற்ற அரக்கன் எழுந்து, கூட்டாளியாகச் சேர ஆசைப்படுவதுபோல் இந்தப் பக்கம் பார்க்கும் அல்லவா? திட்டு வாங்கியபின் சமையலறை வாசலில் நின்று நீயும் அப்படியே பார்ப்பாய். அம்மாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உனக்கு ஏழு வயதிருக்கும்போது, அந்தச் சாப இசையோடு, ஏடு அழிந்துவிட்டது என்று திரை சொன்னது. இரவு முழுவதும் அழுதாய். அழிந்தது இரண்டாவது மட்டும்தான்.

முதல் ஏடு இன்னும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தேன். யரினி எட்டு வயதில் அப்பாவின் பின்னால் நடந்து வருகிறாள். ஆனால் உள்ளே இருப்பது ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியதே அதிசயம். அது செத்தால் ஏடும் போய்விடும். கழற்றினாலும் போய்விடும். வேறொரு 3 வோல்ட்டை இணையாகக் கொடுத்துக்கொண்டே மாற்றினால் தப்பலாம். அதற்கு மூன்று கைகள் வேண்டும்.

ஆகவே கேட்ரிட்ஜ் அனுப்பாதே. தீபாவளிக்கு வரும்போது அந்தக் கடைத்தெருவில் 3.8 மில்லிமீட்டர் நிண்டெண்டோ திருகுக்கான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கி வா. பேனாக் குழாயை உருக்கி நான் செய்த கருவியின் பல் தேய்ந்துவிட்டது. தகட்டுக் கால் பற்றவைத்த பேட்டரியாகவே இரண்டு வாங்கு. ஈயம் நான் வைக்கிறேன். கம்பியை நீ பிடித்துக்கொள். என் கை இப்போது முன்போல் இல்லை.

அன்புடன்,
அப்பா