மறுகால்ல மூட்டை அடுக்குன கதை

மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி பிள்ளைக எல்லாம் சௌக்கியமா? போன்ல பேசுனா பாதியிலயே லைன் கட்டாயிருது, அதான் உக்காந்து டைப் பண்றேன். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். உளுந்து வெதைச்சிருக்கு, மழைய எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம், மழைன்னா இப்ப பயமாவும் இருக்கு.

2023 டிசம்பர்ல நம்ம கம்மாய் எப்படி உடைஞ்சதுன்னு கேட்டல்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்ச மழை, யாரு என்ன செய்ய முடியும்னுதான் இங்க எல்லாரும் சொல்லுதாங்க. சரிதான், ஆனா ஒனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். அந்த ஐப்பசியில மறுகால் மேல, அதான் கம்மாய் நெறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற வழி மேல, மணல் மூட்டை அடுக்குனோம், ஒரு முழம் தண்ணி கூட நின்னா கோடையில ஒரு மாசம் தள்ளலாமேன்னு. நானும் நாலு மூட்டை தூக்குனேன். கரை உச்சிக்கும் தண்ணிக்கும் நடுவுல இருந்ததே அந்த ஒரு முழம்தான்டா.

ராத்திரி ரெண்டு மணிக்கு மூட்டைய இழுத்துப் போடலாம்னு ஓடுனோம், கிட்டயே போக முடியல. கரையில சீமைக்கருவேல வெட்டுன எடத்துல வேரு மக்கிப் பொந்தாயிருக்கு, அதுவழியா கைத்தண்டி தண்ணி வருது, டார்ச் அடிச்சுப் பாத்தா செங்கலங்கல். தெளிவா வந்தா வெறும் கசிவு, கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம்னு தாத்தா சொல்வாருல்ல, அதேதான். விடியறதுக்குள்ள லாரி நுழையற அளவுக்கு வாயப் பொளந்துருச்சு, கீழ்க் கம்மாயும் அந்தத் தண்ணியத் தாங்காம போச்சு.

அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு ஏக்கர்ல 10 சென்டிமீட்டர் பேஞ்சா 4 லட்சம் லிட்டர், பெரிய டேங்கர் லாரி முப்பதுக்கு மேல. நம்ம கம்மாய்க்குத் தண்ணி வடிஞ்சு வர்ற காடு ஆயிரம் ஏக்கர்னு வச்சுக்கோ, காஞ்ச கரிசல் வெடிப்பு வழியா நெறைய குடிச்சுரும், ஊறி உப்பிருச்சுன்னா சிமெண்ட் தரை மாதிரி அப்படியே வழிச்சு விட்டுரும். பண்ணைக்குட்டை வெட்டுனா எல்லாம் சரியாயிரும்னு ஆளாளுக்குப் பேசுறாங்க, ஒரு குட்டைக்கு 10 லட்சம் லிட்டர் புடிச்சாலும் ரெண்டரை ஏக்கர் தண்ணிதான், அதுவும் கார்த்திகையிலயே நெறைஞ்சு கிடந்தா மார்கழி வெள்ளத்துக்கு பிரயோஜனமே இல்ல. நான் வேண்டாம்னு சொல்லல, நானே வெட்டியிருக்கேன், அஞ்சு பத்து சென்டிமீட்டர் மழைக்கு நல்லாவே தாங்குது, மண்ணும் அடிச்சுட்டுப் போகல. பேய்மழைக்கு மறுகாலும் கரையும்தான் கதி.

இன்னொரு வயித்தெரிச்சல், மேல ஓடைய மெஷின் விட்டு நேரா வெட்டிட்டாங்க. முன்னாடி வளைஞ்சு நெளிஞ்சு நாணல்ல முட்டி மெதுவா வந்த தண்ணி இப்ப ரயில் மாதிரி வருது. ரோட்டுக்கு அடியில போட்டது ரெண்டே ரெண்டு குழாய், அதுல ஒண்ணு முள்ளு அடைச்சு எப்பவோ போச்சு.

ஆத்துல வெள்ளம்னா டிவில சொல்லுவான். நம்ம ஓடைக்கு எவன் சொல்லுவான், மேல கொட்டுனா ஒரு மணி நேரத்துல இங்க நிக்குது. அதனால மேலூர்க்காரங்களச் சேத்து வாட்ஸப் குரூப் போட்டிருக்கோம், பாலத்துச் சுவர்ல செவப்புக் கோடு அடிச்சாச்சு, தண்ணி அதத் தொட்டா எந்நேரம்னாலும் போன் வரும். மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்குற டப்பால ஸ்கேல் ஒட்டி மொட்டை மாடியில வச்சு நானும் மழை அளக்கறேன், ஒன் தங்கச்சி சிரிக்கிறா.

மறுகால்ல மூட்டை அடுக்கக்கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாச்சு. ஆனா போன வாரம் போனா ரெண்டு மூட்டை இருக்கு மாப்ள. யாரு வச்சதுன்னு தெரியும், சொந்தக்காரன், எப்படிக் கேக்கன்னு தெரியல. நீ சொன்னா கேப்பான், ஒரு போன் போடு.