இந்த ஆண்டு உன் பட்டியல் வரவில்லை

சிங்கப்பூர்
8 மார்ச் 2026

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. தம்பிக்கு ஈசூனில் வீடு உறுதியாகிவிட்டது. சித்தி வழக்கம்போல் உன்னைப் பற்றிக் கேட்டாள். வழக்கம்போல் நான் பேச்சை மாற்றிவிட்டேன். வீட்டுச் செய்திகள் இவ்வளவுதான்.

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் கழிந்ததும், அந்த ஆண்டில் வெளிவரவிருக்கும், நீ உயிராய் நினைக்கும் மெட்டல் என்னும் அதிரடி ராக் இசை ஆல்பங்களையும் கோடையில் நடக்கவிருக்கும் அதன் விழாக்களையும் வரிசைப்படுத்தி நீ அனுப்பும் பட்டியல் இம்முறை வந்து சேரவில்லை. வேலை மிகுதியால் மறந்திருப்பாய் என்று ஜனவரி முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால், ஜனவரி 23ஆம் தேதி மெகாடெத் குழு தன் பெயரையே தலைப்பாக வைத்துத் தன் கடைசி ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் உன்னிடமிருந்து ஒரு வரிகூட வராதபோது, இது மறதியன்று என்று எனக்குப் பட்டது. அந்தக் குழுவின் சட்டையைத் துவைக்கப் போட்டதற்காக என்னோடு நாள்முழுதும் பேசாமல் இருந்தவள் நீ.

ஆகஸ்டில் நடந்ததைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. கேட்கமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே இக்கடிதம் முழுவதும் உன் இசையைப் பற்றியே எழுதுகிறேன். தமிழாசிரியையாக ஓய்வு பெற்ற ஒருத்திக்கு இதில் என்ன தெரியும் என்று நீ சிரித்தால் சிரித்துக்கொள், அதுவும் எனக்கு மகிழ்ச்சியே.

டூல் குழுவின் ஆல்பத்துக்காக நீ காத்திருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் 2006ஆம் ஆண்டு ஓர் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு, அடுத்ததை 2019 ஆகஸ்ட் 30ஆம் தேதிதான் தந்தார்கள். நீ உயர்நிலைப்பள்ளி, தொடக்கக்கல்லூரி, பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வேலைக்கே போய்விட்டாய். அத்தனை ஆண்டுகளும் உன் பட்டியலின் தலையில் அந்தப் பெயர்தான் இருந்தது, ஒவ்வொரு ஜனவரியிலும் "இந்த ஆண்டு உறுதி" என்ற குறிப்போடு. கடைசியில் அது வந்த அன்று நீ விடுப்பு எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, உனக்குக் காய்ச்சல் என்று எண்ணி அப்பா கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். அவ்வளவு நீண்ட காத்திருப்பில் ஒருமுறையும் நீ சலித்துக்கொண்டதில்லை. கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவைத்தான் எப்போதும் கேலி செய்வாய். 1993க்குப் பிறகு 2008 வரை ஓர் ஆல்பத்துக்குப் 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்கள் என்று. காத்திருப்பிலும் உனக்கு நியாயமானது, நியாயமற்றது என்ற பிரிவு இருந்தது.

நீ அனுப்பாததால் இந்த ஆண்டின் பட்டியலை நானே தேடித் தொகுத்திருக்கிறேன். ஜூன் 18 முதல் 21 வரை பிரான்சின் கிளிசோன் என்னும் சிற்றூரில் ஹெல்ஃபெஸ்ட் நடக்கிறது. ("நரக விழா" என்று பொருள்படும் அந்தப் பெயரை அப்பாவிடம் சொல்லவில்லை.) ஐயன் மெய்டன் குழு தன் 50ஆம் ஆண்டு இசைப் பயணத்தில் ஜூலை 11ஆம் தேதி இங்கிலாந்தின் நெப்வொர்த் பூங்காவில் வாசிக்கிறது. ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை ஜெர்மனியில் உன் வாக்கன் விழா. டெஃப் லெப்பர்ட், இன் ஃபிளேம்ஸ் குழுக்கள் வருகின்றன. ஐயன் மெய்டன் 2011 பிப்ரவரியில் இங்கே உள்ளரங்கு விளையாட்டரங்கில் வாசித்தபோது, பள்ளி நாள் என்று சொல்லி உன்னை நான் அனுப்பவில்லை. அதற்காக நான் இன்றும் வருந்தவில்லை; மறுநாள் உனக்குக் கணிதத் தேர்வு இருந்தது. ஆனால் இப்போது உன்னைத் தடுக்க யாருமில்லாதபோது, வாக்கனுக்கு எட்டும் தூரத்தில் ஹம்பர்க்கில் இருந்துகொண்டு நீ அறைக்குள் அடைந்து கிடப்பது எனக்கு விளங்கவில்லை.

வாக்கனைப் பற்றி நீ சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே வாழும் ஒரு கிராமத்தில், 1990ஆம் ஆண்டு ஒரு சரளைக்கற் பள்ளத்தில் ஆறு ஜெர்மன் குழுக்களையும் சில நூறு பார்வையாளர்களையும் வைத்துத் தொடங்கி, இன்று ஏறக்குறைய 85,000 பேர் கூடும் விழாவாக அது வளர்ந்ததையும், ஊர்த் தீயணைப்பு வீரர்களின் ஊதுகுழல் குழுவும் அந்த மேடையில் ஏறுவதையும், பீர் கொண்டுசெல்ல வயலுக்கடியில் குழாயே பதித்துவிட்டதையும் நீ சொல்லக் கேட்டு, நம் ஊர்த் திருவிழாவை ஜெர்மானியர்கள் நடத்துகிறார்கள் என்று நான் சொன்னேன். 2023ஆம் ஆண்டு மழையில் வயல் முழுதும் சேறாகி, வழியில் இருந்த ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினார்களே, அன்று முழங்கால்வரை சேற்றோடு பல்லைக் காட்டிக்கொண்டு நீ அனுப்பிய படத்தை அப்பா இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறார். கேட்டால் இல்லையென்பார்.

காதடைப்பான் இல்லாமல் எங்கும் போகாதே. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது தொழில்நல நிபுணர்களின் கணக்கு. நான் கூட்டிப் பார்த்தேன்: 100 டெசிபலுக்குக் கால்மணி நேரம்தான் வருகிறது. ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் செவித்திறன் குறைந்ததால் 2016ஆம் ஆண்டு பயணத்தைப் பாதியில் விட்டு விலக நேர்ந்ததை எனக்குச் சொன்னவளே நீதான். அவர் 2020இல் புதிய ஆல்பத்தோடு திரும்பி வந்தார் என்பதையும் நீதான் சொன்னாய். ஒரு காலம் விலகியிருப்பதில் தவறில்லை. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பதை அவர் வீட்டார் அறிந்திருப்பார்கள்.

சென்ற ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாமின் வில்லா பார்க் அரங்கில் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் அமர்ந்து பாடியதையும், அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் சேர்ந்ததையும் இணையத்தில் பார்த்துவிட்டு, இங்கே விடியாத வேளையில் அழைத்து என்னை எழுப்பினாய். ஜூலை 22ஆம் தேதி அவர் மறைந்தபோதும் அழைத்தாய். நாம் இருவரும் நெடுநேரம் பேசியது அதுவே கடைசி. ஆகஸ்டுக்குப் பிறகு வருவதெல்லாம் "நலம்", "வேலை", "பிறகு பேசுகிறேன்" என்ற மூன்று பதில்கள்தான். ஒரு பாடகருக்காக அழத் தெரிந்த உனக்கு, பெற்றவளிடம் அழ என்ன தயக்கம்? இதை அடித்துவிட நினைத்தேன், இருக்கட்டும்.

உன்னை நான் குறை சொல்வதாக எண்ணாதே. 1972ஆம் ஆண்டு லெட் செப்பலின் குழு சிங்கப்பூருக்கு வந்தும், நீண்ட முடி வைத்திருந்ததால் இறங்க அனுமதி கிடைக்காமல் திரும்பிய காலத்தில் வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட ஊரில் 1992இலேயே ருத்ரா குழு தோன்றி, வேதாந்தத்தை மெட்டலில் பாடியது என்பதை உன்னால்தான் அறிந்தேன். "வெறும் கத்தல்" என்று சொன்ன அப்பாவை உட்கார வைத்து அவர்களுடைய 2005ஆம் ஆண்டு "பிரம்மவித்யா" ஆல்பத்தை நீ போட்டுக் காட்டியதும், கோவில் தொண்டரான அவர் முதற்பாட்டு முடியும்வரை எழுந்து போகாததும் நம் வீட்டின் பெரிய சாதனைகளில் ஒன்று. பிறரிடம் இதைப் பெருமையாகவே சொல்லி வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு. காதடைப்பானை மறக்காதே, கூட்டம் முட்டி மோதி ஆடும் இடத்தில் கண்ணாடி அணிந்துகொண்டு நிற்காதே. தீபாவளி இவ்வாண்டு நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை; விமானச் சீட்டை முன்கூட்டியே பார்த்துவை.

சென்ற ஆண்டு விழா முடிந்த கையோடு இவ்வாண்டு வாக்கனுக்கு இரண்டு டிக்கெட்டுகள் வாங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தாய். இரண்டாவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அது உன் விருப்பம். முதல் டிக்கெட்டை மட்டும் விற்றுவிடாதே. தனியாகப் போவதற்குத் தயங்குகிறாயானால், சேற்றில் உன் கூடாரத்தைத் தூக்கி நிறுத்திய அந்த பிரேமன் நகரப் பெண்களுக்கு எழுதிப் பார். முஸ்தபா கடையில் நல்ல கனமான மழையங்கி பார்த்து வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் கிடைக்காதா என்று தம்பி கேட்கிறான், கிடைக்கட்டும். போவதாக இருந்தால் உன் அளவை எழுது. போகவில்லையென்றால் அதையும் எழுது. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா