பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்று நூல்களில் பிரெஞ்சுப் புரட்சியை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

மேலே குருமார், நடுவே பிரபுக்கள், அடியில் வரி கட்டும் மக்கள் என்ற மூன்றடுக்குப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. படம் பொய்யில்லை. ஆனால் மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாவதற்கு ஏற வழி இருந்தது, அதற்கு விலையும் இருந்தது என்பது அதில் தெரியாது. அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அரசரின் செயலர் என்றொரு பதவி. வேலை பெரும்பாலும் பெயருக்குத்தான். காசு கொடுத்து வாங்கி 20 ஆண்டு வைத்திருந்தாலோ, பதவியில் இருக்கும்போதே இறந்தாலோ, பிரபு என்ற தகுதி வாரிசுகளுக்கும் போய்ச் சேரும். குடியானவன் முதுகை முறித்த நேரடி வரியிலிருந்தும் விலக்கு. புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் இதன் விலை அன்றைய பிரெஞ்சு நாணயமான லிவ்ரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பாமரனைக் கழுவிவிடும் சோப்பு என்று ஊரே இதைக் கிண்டலடித்தது. கடிகாரம் செய்பவரின் மகனான நாடகாசிரியர் பொமார்ஷே 1761-ல் இதை வாங்கினார். பின்னால் ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு அவருடைய குலத்தை இழுத்தபோது அவர் அசரவில்லை. மஞ்சள் அரக்கு முத்திரை வைத்த பத்திரம் இருக்கிறது, என் தகுதியை யாரும் மறுக்க முடியாது, ரசீதே கையில் இருக்கிறது என்று எழுதினார். பாடத்தில் இந்த ரசீதுக்கு ஓர் இடம் கொடுங்களேன்.

1781-ல் போர் அமைச்சர் செகூர் காலத்து ஆணை, நான்கு தலைமுறைப் பிரபுத்துவம் காட்டினால்தான் நேரடியாகப் படை அதிகாரி ஆகலாம் என்றது. காசு கொடுத்து உள்ளே வந்தவரின் மகனுக்கு இங்கே கதவு சாத்தப்பட்டது. பிரபுக்களுக்குள்ளேயே இருந்த இந்தப் புகைச்சலைச் சொல்லாமல் 1789-ஐ எப்படி விளக்குவது?

அப்புறம், டியூக், மார்க்விஸ், கவுண்ட், வைகவுண்ட், பாரன் என்ற வரிசையைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். டியூக் பட்டத்தைத்தான் அரசவை கறாராகக் காத்தது. கவுண்ட், மார்க்விஸ் எனத் தாமே போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். பிரபுக்களில் பெரும்பாலோருக்குப் பட்டமே கிடையாது.

இன்னொன்று, 1789 ஆகஸ்ட் 4 இரவோடு கதையை முடித்துவிடாதீர்கள். அன்று போனவை நிலப்பிரபுத்துவச் சலுகைகள். பட்டங்கள் போனது 1790 ஜூன் 19-ல். 1808-ல் நெப்போலியன் புதிய பிரபுக்களை உண்டாக்கினார். பீப்பாய் செய்பவரின் மகனான தளபதி நே டியூக் ஆனார். 1814-ல் பழையவர், புதியவர் இருவருக்கும் பட்டம் உண்டென்று ஆனது. 1848-ல் ஒழித்தார்கள், 1852-ல் திரும்பக் கொடுத்தார்கள். பழைய பட்டத்துக்கு யார் வாரிசு என்று ஆவணம் பார்த்துப் பதிவு செய்யும் வேலை இன்றும் பிரான்சின் நீதி அமைச்சகத்திடம் இருக்கிறது. சலுகைதான் எதுவும் இல்லை.

பக்கம் போதாது என்பீர்கள். சரி, அரசி மேரி அந்த்வானெத்தின் ஆடை அணிகலன் பற்றிய வரிகளில் நாலைந்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று வாசகன்