உன் பேரு இருக்கறதால ரேட்டு கம்மியாம்

டேய் ஸ்ரீடர்,

வாட்ஸப்ல ரெண்டு வரில முடியற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து டைப் பண்றேன். வேலைக்கு நடுவுல படிக்காத, சனிக்கிழமை காபியோட படி. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, மாலதி உங்க ரெண்டு பேரையும் விசாரிச்சா, குண்டு ரவி சுகர் வந்தும் ரத்னா கஃபேல சாம்பார் இட்லிக்கு ரெண்டாவது வாளி கேட்டுக்கிட்டுதான் இருக்கான். போதும்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு ஆள் வீட்டுக்கு வந்தார். பழைய கிரிக்கெட் சாமான் வாங்கி விக்கறவராம். யார் அனுப்பினதுன்னு கேக்காத, உனக்கே தெரியும், "சும்மா பாக்கட்டும்டா, உன் பொட்டில என்ன பொன்னா கொறஞ்சு போயிடும்"னு நம்ம ரவியேதான். சரி பாக்கட்டும்னு நம்ம ஆட்டோகிராஃப் புக்கு, ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்க போஸ்டர் கட்டு, எல்லாத்தையும் ஹால்ல பரப்பி வச்சேன். நகைக்கடைல வச்சிருப்பாங்களே ஒரு கண்ணு லென்ஸ், அத மாட்டிக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பாத்தார். விஸ்வநாத் பக்கத்த ரெண்டு நிமிஷம் பாத்தார், ஒண்ணும் சொல்லல. ஹிர்வானி பக்கத்துக்கு வந்தப்போ நான் விடுவேனா, 88 பொங்கல் டெஸ்ட், மொத டெஸ்ட்லயே 136 ரன்னுக்கு 16 விக்கெட்டு, அதே மேட்ச்லதான் நம்ம டபிள்யூ.வி.ராமனும் வந்தார்னு ஆரம்பிச்சேன். "ஹிர்வானி நெறைய கெடைக்குது சார்"னு திருப்பிட்டார். கெடைக்குதாம்! கத்திரிக்கா மாதிரி.

அப்பறம் உன் பக்கம் வந்துது. டீன் ஜோன்ஸ், ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன். அங்க நின்னுட்டார். லென்ஸ எடுத்தார், தொடச்சார், மறுபடி மாட்டினார். பேனா அழுத்தம் இருக்கு, பின்பக்கம் தடவினா தெரியுது, ஒரிஜினல்தான்னார். நான் பெருமையா உக்காந்திருக்கேன். அப்பதான் சொல்றார், "மேல பேரு எழுதியிருக்கே சார், அதான் பிரச்சினை. பேரு இல்லாம வெறும் கையெழுத்தா இருந்தா நல்ல ரேட்டு போகும், பேரு போட்டது வாங்கறவனுக்கு எதுக்கு?"

எனக்கு சிரிப்புதான் வந்துது. உலகத்துல உன் பேரால மதிப்பு கொறையும்னு நாங்க எல்லாரும் எப்பவோ சொன்னதுதானே. ஆனா அடுத்து ஒண்ணு சொன்னார் பாரு, அதுலதான் ஏறிடுச்சு. "ஒரு இன்ச்சு மேல வெட்டிட்டா தெரியாது, ஃப்ரேம் போட்டா நீட்டா இருக்கும், எல்லாரும் பண்றதுதான்." கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ள பேர வெட்டிட்டு முகூர்த்த நேரத்த மட்டும் மாட்டி வைக்கற மாதிரி இல்ல? நான் ஒண்ணுமே சொல்லாம புக்க மூடினேன். மாலதி உள்ளேர்ந்து காபி கொண்டு வந்தா, நல்லவேளை, இல்லன்னா வாய் கொழுப்பா ஏதாவது வந்திருக்கும்.

அவர் மேல தப்பு இல்லடா, யோசிச்சா. வியாபாரம் அப்படித்தான். நெட்ல தேடிப் பாத்தேன், எல்லா ஊர்லயும் இதே கததான், பேர் போட்ட கையெழுத்துக்கு வெல கம்மி. வாங்கறவனுக்கு யாரோ ஒரு ஸ்ரீதர் எதுக்கு. ஆனா அந்தப் பேருதான்டா அந்தக் கையெழுத்துக்கே காரணம்!

87 அக்டோபர். வேர்ல்ட் கப். நீ மஞ்சக் காமாலைல சுருண்டு கெடக்க, உங்க பாட்டி கீழாநெல்லிய மோர்ல அரைச்சு ஊத்தறாங்க, ஆஸ்திரேலியாகிட்ட நாம ஒரு ரன்னுல தோத்தத நீ ரேடியோல கேட்டு அழுதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கியா, உங்க அக்கா எப்பவோ சொல்லிட்டா. நான் சேப்பாக்கம் ஸ்டேண்ட்ல இருந்தேன். ஜோன்ஸ் அடிச்சது மொதல்ல ஃபோர்னு குடுத்தாங்க, இன்னிங்ஸ் முடிஞ்சப்பறம் அது சிக்ஸ்னு பேச்சு வந்து கபில் ஒத்துக்கிட்டு 268 ஸ்கோரு 270 ஆச்சு, நாம 269. கடசி ஆள் மணிந்தர் போல்டு. அதுக்கு முந்தின வருஷம் டை ஆன டெஸ்ட்லயும் கடசில அதே சேப்பாக்கத்துல அதே மணிந்தர். ரவி ரெண்டு வருஷம் மணிந்தர் பேர சொன்னா எழுந்து போயிடுவான்ல.

ஆஸ்திரேலியா டீம் உடனே கெளம்பல, 13-ம் தேதி இங்கயே ஜிம்பாப்வே மேட்ச். அந்த இடைவெளிலதான் நெட்ஸ் முடிஞ்சு பஸ் ஏற வர்றப்போ வாலாஜா ரோடு பக்கம் கூட்டத்துல முண்டி உள்ள போனேன். கோபமாதான் போனேன், நம்ம ஒரு ரன்ன புடுங்கினவரே இவர்தான்னு. ஆனா 86-ல அந்த டை ஆன டெஸ்ட்ல நாம பாத்தோமே, அவர் அடிச்ச 210. பக்கிங்காம் கால்வாய் நாத்தம், செப்டம்பர் புழுக்கம், பிட்ச் ஓரமா வாந்தி எடுத்துட்டு மறுபடி வந்து நிக்கறார், முடியலன்னு சொன்னதுக்கு கேப்டன் பார்டர், அடுத்து வர்றவன் குயின்ஸ்லாந்துக்காரன், அவன் கெட்டியானவன், அவன வரச்சொல்றேன்னு உசுப்பேத்தி விட்டாராமே, எட்டு மணி நேரத்துக்கு மேல ஆடிட்டு ஆஸ்பத்திரில போயி சலைன். அந்த ஆளு கிட்ட கோபத்தோட எப்படி நிக்கறது. புக்க நீட்டினேன். என் பேரு கேக்கறார்னு புரிஞ்சுது. எங்கேர்ந்து வந்துதோ, உன் பேர சொன்னேன். அவர் காதுல என்ன விழுந்துதோ அத எழுதினார். அன்னிலேர்ந்து நீ ஸ்ரீடர்.

அந்த மேல் ஒரு இன்ச்சதான் வெட்டச் சொல்றார்.

அப்பறம் இன்னொண்ணும் சொன்னார் அந்த ஆளு, சாதாரணமா, காபி குடிச்சிக்கிட்டே. "அவர் போயிட்டார்ல சார், இனிமே புதுசா வராது, ஏறும்." சரிதான், கணக்கு சரிதான். 2020 செப்டம்பர்ல பாம்பேல ஐபிஎல் கமெண்ட்ரிக்கு வந்த இடத்துல ஹார்ட் அட்டாக், 59 வயசுதான். டை ஆன டெஸ்ட்டுக்கு 34 வருஷம் முடிஞ்ச வாரத்துல. நீ அந்த டிசம்பர்ல மெல்போர்ன் எம்சிஜி ஸ்டேடியத்துலேர்ந்து போன் பண்ணினியே, டீ டைம்ல அவர் வீட்டம்மாவும் பார்டரும் பேட்டு, தொப்பி, கூலிங் கிளாஸ் கொண்டு வந்து ஸ்டம்ப்புகிட்ட வச்சாங்கன்னு, சரியா 3.24-க்கு, விக்டோரியா மாநில டீமுக்கு அவர் அடிச்ச 324 ஞாபகமான்னு கேட்ட. நாப்பது நிமிஷம் பேசினோம், ரெண்டு பேரும் அந்தப் பக்கத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. இப்பதான் தோணுது.

சரி விடு, போலி பத்தி சொல்றேன், உனக்குப் பிடிக்கும். அந்த ஆளு தன் பையிலேர்ந்து ஒரு சின்ன பேட்டு எடுத்துக் காட்டினார், டீம் மொத்தமும் சைன் போட்டது, ஹாலோகிராம் ஒட்டின சர்ட்டிபிகேட் வேற. நான் அதே லென்ஸ வாங்கிப் பாத்தேன். எல்லா கையெழுத்தும் ஒரே கறுப்பு, ஒரே அழுத்தம், கோடு ஒண்ணு மேல ஒண்ணு போற இடத்துல மேடே இல்ல. பிரிண்ட்டு. பேனாவால போட்டா ஆரம்பிக்கற எடத்துல மை தேங்கும், தூக்கற எடத்துல மெலிஞ்சு வால் மாதிரி போகும். "இது பிரிண்ட் சார்"னேன். "தெரியும், கிஃப்ட்டுக்குன்னு வாங்கறவங்களுக்கு"ன்னார். அப்ப சர்ட்டிபிகேட் எதுக்குன்னு கேட்டேன். சிரிச்சார். பிடிச்சுப் போச்சு எனக்கு அந்த மனுஷன, அதுதான் கஷ்டமே.

இது இங்க மட்டும் இல்ல. அமெரிக்கால எஃப்பிஐ 90-கள்ல ஆபரேஷன் புல்பென்னு ஒண்ணு நடத்திச்சு, ஒரு கும்பல் பேஸ்பால்ல கையெழுத்து போட்டுப் போட்டு வித்துக்கிட்டிருந்தது, சந்தைல இருக்கறதுல பாதிக்கு மேல போலியா இருக்கலாம்னாங்க. அதுல ஒரு பந்துல அன்னை தெரசா கையெழுத்து! அன்னை தெரசா பேஸ்பால்ல சைன் போடுவாங்களான்னு ஒருத்தனுக்குக்கூட தோணல பாரு. அதுக்கு முந்தியெல்லாம் பெரிய ப்ளேயருக்கு பதிலா டிரெஸ்ஸிங் ரூம் பையனே போட்டுக் குடுக்கறதும் உண்டாம். இப்ப பெரிய ஏலத்துல பழைய போட்டோவோட சட்டை மடிப்பு, தையல், பேட்ச்சு எல்லாம் ஒத்துப் பாத்துதான் ஒத்துக்கறாங்க. 86 ஃபுட்பால் வேர்ல்ட் கப்ல இங்கிலாந்துக்கு எதிரா கையால அடிச்ச கோலும், நல்ல கோலும் போட்ட மரடோனா சட்டை, மேட்ச் முடிஞ்சு இங்கிலாந்து ப்ளேயர் ஹாட்ஜ் மாத்திக்கிட்டது, 2022-ல 71 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. அதுக்கே மரடோனா வீட்ல, அது முதல் பாதில போட்ட சட்டைன்னு சண்டைக்கு வந்தாங்க, போட்டோ வச்சுதான் தீந்துது. உங்க ஊர் ஸ்பின்னர் வார்ன் தொப்பி 2020-ல பத்து லட்சம் டாலரத் தாண்டிச்சே, காட்டுத்தீ நிவாரணத்துக்கு. அந்தக் காச எல்லாம் நெனச்சா ரவிக்கு தூக்கம் வரல, அவன் பபுள்கம் சீட்ட எல்லாம் திருப்பி எண்ணிக்கிட்டிருக்கான்.

எனக்கு வேற ஒரு கவலைடா. கோபாலி மாமா ஞாபகம் இருக்கா, 2015 டிசம்பர் வெள்ளம். கோட்டூர்புரத்துல கீழ் வீடு. ட்ரங்குப் பொட்டி மேல வர தண்ணி. தண்ணி வடிஞ்சப்பறம் நானும் ரவியும் போனோம். ஆட்டோகிராஃப் புக்க மொட்ட மாடில கயிறு கட்டி துணி காயப்போடற மாதிரி பக்கம் பக்கமா க்ளிப் போட்டு தொங்க விட்டிருந்தார். இங்க் பேனால போட்டது எல்லாம் நீலமா ஓடிப் போச்சு, பால்பாயிண்ட்ல போட்டது நின்னுது. ஒரு பக்கத்துல பதினோரு பேர்ல நாலு பேர்தான் இருந்தாங்க. மாமா அழல, "பரவால்ல, மிச்சத்துக்கு நான் சொல்வேன், யாருன்னு"ன்னார். சொன்னார், வரிசையா. இப்ப மாமாவும் இல்ல, அந்தப் பக்கத்தப் பாத்து யாரு சொல்வாங்க? அவர் பையன் எங்கயோ குடுத்துட்டான்னு கேள்வி.

நம்மளதும் அதே கதிதானேடா. என் பொண்ணு "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோப்பா, எடம் மிச்சம்"ங்கறா. நல்ல புள்ள, அவ சொல்றதுல தப்பே இல்ல. அவளுக்கு செல்ஃபி போதும். நானும் பிள்ளைங்களுக்கு இது புரியாதுன்னு முடிவு கட்டிட்டேன், ஆனா 2023 மே மாசம் நீ பாத்தியே, ஐபிஎல்ல சென்னை கொல்கத்தாவோட தோத்த மேட்ச்சுக்கப்பறம் தோனி சுத்தி வர்றார், கவாஸ்கர் ஓடிப்போயி சட்டைல சைன் வாங்கினார். 73 வயசு! அதே சேப்பாக்கத்துல 83-ல 236 அடிச்சு முப்பதாவது செஞ்சுரியோட பிராட்மேன தாண்டின மனுஷன், அவர்கிட்ட கையெழுத்து வாங்க ஒரு காலத்துல ஊரே நின்னுது. அவர் எதுக்கு வாங்கினார், விக்கவா? அன்னிக்கு என் பொண்ணு டிவிய பாத்துட்டு "தாத்தா ஏன் ஓடறார்"னு கேட்டா. சொன்னேன். முழுசா கேட்டா, போன பாக்காம. அது போதும்னு நெனச்சுக்கிட்டேன் அன்னிக்கு.

பணம் எவ்வளவு சொன்னார்னு நீ கேப்ப. பேரோட ஒரு ரேட்டு, வெட்டினா அதுக்கு மேல. ரெண்டும் உனக்கு அங்க ரெண்டு வாரம் மளிகைக்குக் காணாது. எம்சிஜில இருக்கற மியூசியத்துக்கு குடுக்கலாமான்னும் ஒரு யோசனை வந்துது, நீ ட்ராம்ல போயி குடுத்துட்டு வந்துடலாம். ஆனா அவங்களுக்கு அவர் கையெழுத்துக்கா பஞ்சம், ஒரு டிராயர்ல போடுவாங்க. அது உன்னுதுடா. நீ ப்ளைட் ஏறறப்போ "பத்திரமா வச்சுக்கோ"ன்னு குடுத்துட்டுப் போன, வச்சிருக்கேன், இனிமே நீ வச்சுக்கோ. உன் பையன்கிட்ட கதைய நீயே சொல்லு, கீழாநெல்லிலேர்ந்து. கூரியர்ல அனுப்ப மாட்டேன், நீ டிசம்பர்ல வர்றப்போ கையில தரேன், இடுப்புல கட்டிக்கிட்டு போ.

அதுக்கு முன்னாடி ஒரு உதவி. நம்ம வச்சிருந்த பழைய ஆல்பம் கவர் ஒட்டிக்கிட்டு மஞ்சளாகுது, பிவிசிதான் காரணமாம், செல்லோ டேப் போட்ட எடம் பழுப்பேறிடுச்சு, ராமபாணப் பூச்சி வேற ஓரத்துல ருசி பாத்திருக்கு. பாச்சா உருண்டை போட்டேன், வீடே நாறுதுன்னு மாலதி சண்ட. அங்க ஆவணம் வைக்கறதுக்குன்னே பாலிப்ரோபிலீன் கவர் விக்கறாங்களாம், உள்ள வைக்க ஆசிட் இல்லாத அட்டையும். ஏ5 சைஸ்ல ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா, ஒண்ணு உனக்கு ஒண்ணு எனக்கு. லாமினேஷன் மட்டும் பண்ணிடாத, உங்க ஊர்ல யாராவது சொன்னாலும் கேக்காத.

ரவிக்கு சாக்லேட் எதுவும் வேணாம், அவன் பொண்டாட்டி என்ன திட்டுவா. டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு, ஏர்போர்ட்டுக்கு அவன் கார்லயே வரோம்.

முரளி