வாழ்த்து அட்டைக்கு வண்ணம் அடுப்படியிலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சிறுவர் இணைப்பில் வாழ்த்து அட்டை செய்முறை வரும்போதெல்லாம் ‘தேவையான பொருட்கள்’ பட்டியலைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. ஆல்கஹால் இங்க், மினுக்குத் தாள், ஸ்டென்சில்... ஓர் அட்டையின் பின்னணிக்கு வண்ணம் பூச இத்தனை செலவா?

மஞ்சள்தூள் ஒன்று போதும். தண்ணீரில் அது சரியாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும், ஆனால் கொரோனா சமயத்தில் வாங்கி இன்னும் அலமாரியில் கிடக்கிற சானிடைசரில் கலக்கினால் நல்ல மஞ்சள் இறங்கும் (அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்). அதைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிட்டு, துணி சோப்பு கரைத்த தண்ணீரைக் காது குடையும் பஞ்சில் தொட்டுக் கோலம் போடச் சொல்லுங்கள், இழுத்த இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இப்படித்தான், சோப்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கிற காரத்தன்மையால் (ஆல்கலி). பிள்ளைகளுக்கு இதை விட நல்ல வேதியியல் பாடம் ஏது!

சங்குப்பூ கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்து அந்த நீலத்தைப் பூசுங்கள். ஈரம் காய்வதற்குள் எலுமிச்சைச் சாறு சொட்டினால் சொட்டிய இடம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். வீட்டில் வாட்டர் கலர் இருந்தால், பூசின ஈரத்தின் மேல் கல் உப்பைத் தூவிவிட்டுச் சும்மா இருங்கள், உப்பு பக்கத்து நீரை இழுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகத் தடம் விடும். நம் சென்னைக் காற்றில், அதுவும் மழை நாளில், காய வெகுநேரம் ஆகும், அவசரப்பட்டுத் தட்டினால் எல்லாம் ஈஷிக்கொள்ளும். காய்ந்ததும் ஒரு கல் விடாமல் உதிர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அட்டை மறுபடி பிசுபிசுக்கும். வெண்டைக்காய்க் காம்பை நறுக்கி அச்சுக் குத்துவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். மஞ்சளும் பீட்ரூட்டும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், அதனால் ஃபிரேம் போட்டு மாட்டுகிற வேலைக்கு ஆகாது, உறையில் போட்டுக் கொடுக்கிற வாழ்த்துக்குச் சரி. தாளிலும் கஞ்சத்தனம் கூடாது. நோட்டுத் தாள் ஈரத்தில் சுருண்டுவிடும், 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேல் வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் வாங்கலாம், போக முடியாதவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாததாகப் பாருங்கள், அதில் சாயம் ஒட்டாது.

பொங்கலுக்கு முந்தைய இணைப்பில் இப்படி ஒரு பக்கம் போடுங்களேன். போட்டி வைப்பதாக இருந்தால் ‘கடையில் வாங்கிய அலங்காரப் பொருள் கூடாது’ என்று ஒரு விதியும் சேருங்கள், அப்புறம் அம்மா அப்பாவே உட்கார்ந்து செய்து அனுப்புவதும் பாதி குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாப்பூர், சென்னை