நாயனக்காரருக்குக் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பிய மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

ஸ்தோத்திரம். அத்தை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ வசனம் சொல்வாய், எனக்குக் கோபம் வரும், நடுவில் உன் அப்பா மாட்டிக்கொண்டு முழிப்பான். அதனால்தான் எழுத்து. நம் சொந்தத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் இதே கேள்விகளோடு அலைகிறார்கள். ஆகையால் உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

உன் தங்கச்சி கல்யாணத்தன்று காலையில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டு நாயனம், இரண்டு தவில். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். பந்தல் வாசலிலேயே மறித்து, "இது கோயில் வாத்தியம், கர்த்தருடைய பிள்ளைகள் கல்யாணத்தில் வேண்டாம்" என்றாய். பேசிய கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அவர்கள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் காப்பி கொடுத்தேன். பெரியவர், நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சின்ன டப்பாவில் வைத்து மூடிக்கொண்டே, "வேதக்காரங்க கல்யாணத்துக்குன்னே பதினோரு உருப்படி வச்சிருக்கேம்மா" என்றார். எது எது என்று கேட்டேன். வாத்தியத்தை எடுக்கவில்லை. தொடையில் தாளம் போட்டு, வாயாலேயே 'இயேசுவையே துதிசெய்' பல்லவியைப் பாடிக் காட்டினார். நம் கொயரில் பாதிப் பேர் விடுகிற சங்கதி அவரிடம் சுத்தமாக இருந்தது.

அந்தப் பாட்டு யாருடையது என்று உனக்குத் தெரியும். வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் நம் பாளையங்கோட்டையில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (நாம் பாதிரியாரை ஐயர் என்றுதானே சொல்வோம்) சிறுவயதிலேயே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். அங்கே கூடப் படித்தவர் பின்னாளில் ராஜாவான சரபோஜி. ராஜா தன் தெய்வத்தின்மேல் பாடச் சொன்னாராம், சாஸ்திரியார் மறுத்துவிட்டு இந்தப் பாட்டைப் பாடினாராம். இது சபைகளில் வழிவழியாகச் சொல்லும் கதை. நீயும் வாலிபர் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாய். ஆனால் கதையில் பாதியைத்தான் சொல்கிறாய். ராஜாவின் தெய்வத்தைப் பாடமாட்டேன் என்ற அந்த மனுஷர்தான் 1800 வாக்கில் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி என்றால் அந்தக் காலத்தில் என்ன தெரியுமா? கோயிலிலும் அரண்மனையிலும் சதங்கை கட்டி ஆடின கூத்து. குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள், சிங்கன் சிங்கியைத் தேடி அலைவான், ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள். இன்றைக்கு சினிமா இருக்கிற இடத்தில் அன்றைக்கு அதுதான் இருந்தது. அவர் அந்தக் குறத்தியைப் பந்தல் வாசலில் மறிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, பெத்லகேம் நாதரைப் பற்றிக் குறி சொல்ல வைத்தார்.

இதோடு நிறுத்தினால் நானும் பாதிக் கதை சொன்னவள் ஆவேன். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு தஞ்சாவூர்ச் சபையாருக்குப் பெரிய தகராறு. சாஸ்திரியார் முன்னால் நின்றார். நாலு கொடுமைகள் என்று முறையிட்டார்கள். வேதப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. பண்டிகையில் பூ வேண்டாம் என்பது ஒன்று. ஆராதனையில் தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்பது ஒன்று. நாலாவது, சபைக் கோயிலில் ஜாதி பார்க்காமல் ஒன்றாக உட்காரச் சொன்னது. ஆமாம், அதுவும் கொடுமைகளில் ஒன்று என்றுதான் எழுதினார்கள். சாஸ்திரியார் ஜாதி வித்தியாசம் வேண்டும் என்று வாதாடித் தனியாகவே எழுதியிருக்கிறார். அவர் பாட்டை முப்பது வருஷமாக ஹார்மோனியத்தில் வாசித்தவள் நான். இதை முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் ஜெயித்தது. 1853இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளைப் புத்தகமாக அச்சுப் போட்டார். இன்றைக்கு நம் கையில் இருக்கிற புத்தகத்தில் பாட்டுத் தலைப்பில் ராகம், தாளம் என்று இருக்கிறதே, அந்த வழிதான். மற்றது? உட்காருகிற பெஞ்சு மாறிவிட்டது. கல்யாணம் மாறவில்லை.

இங்கேதான் உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது, ஐயா. உன் தங்கச்சிக்கு வரன் பார்த்த ஒன்றரை வருஷத்தில் நாயனம் கூடாது என்றாய், வாசலில் மாக்கோலம் கூடாது என்றாய், மணவறையில் குத்துவிளக்கு கூடாது என்றாய். வந்த பயோடேட்டாக்களில் 'சி.எஸ்.ஐ.' என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை இருந்ததே, அதைப் பார்த்துத்தானே உன் அப்பா ஒதுக்குவதை ஒதுக்கி, எடுப்பதை எடுத்தான்? ரட்சிக்கப்பட்ட பையன், நல்ல உத்தியோகம், பக்கத்துச் சேகரத்து உபதேசியார் மகன், அந்த ஒரு வார்த்தைக்காகத் தள்ளினோம். அன்றைக்கு நீ ஒரு வசனமும் எடுக்கவில்லை. உன்னை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கட்டைப் புரட்டிய கைகளில் என் கையும் ஒன்று. உலகத்துக்கு ஒத்த வேஷம் தரியாதிருங்கள் என்று பவுல் எழுதியதை நாயனத்துக்குப் பொருத்துவது சுலபம். நமக்கு அதில் நஷ்டம் இல்லை. நஷ்டம் நாயனக்காரருக்கு.

சினிமாப் பாட்டுக்கு வருகிறேன். கன்வென்ஷன் முடிந்து வந்த ராத்திரி போனிலிருந்த உலகப் பாட்டையெல்லாம் அழித்துவிட்டதாகச் சொன்னாய். அழித்துக்கொள், அது உன் மனசாட்சி. எனக்கே சில பாட்டு ஆகாது. பெண்பிள்ளையைத் துரத்துவதை வீரம் என்று பாடுகிற வரியை வார்த்தை இல்லாமல் மெட்டாகக்கூட வாசிக்கமாட்டேன். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு பாட்டை அசுத்தம் என்று சொல்லாதே. என் கதையைக் கேள். கீர்த்தனைப் புத்தகத்தில் ராகம் 'செஞ்சுருட்டி' என்று போட்டிருக்கும், எங்கள் கொயர் மாஸ்டர் தலைகீழாக நின்றும் எனக்கு அது பிடிபடவில்லை. பிடிபட்டது பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போன கூட்டம் எங்கள் தெரு வழியாகச் சிந்து பாடிக்கொண்டு போனபோது. அண்ணாமலை ரெட்டியார் முருகனுக்குப் பாடிய சிந்து. திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கை தானாகப் போனது. அதற்காக நான் முருகனைக் கும்பிட்டேனா? எங்கள் அப்பா சினிமாப் பாட்டை வீட்டில் விடமாட்டார். டீக்கடையில் இலங்கை வானொலி போடுகிற நேரத்துக்குச் சரியாக எனக்குச் சீனி வாங்கும் வேலை வரும். இடையிசை கேட்கும் காது அங்கே திறந்ததுதான். அந்த ஹார்மோனியமே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெட்டி. நாடகக் கொட்டகையில் அடிபட்டு, பஜனை மடத்தில் உட்கார்ந்து, சினிமாவுக்கும் போய்விட்டு வந்தது. எந்தப் பாவத்தைக் கழுவிவிட்டு அதைக் கோயிலுக்குள் கொண்டுவருவது? வயலினை எடுத்துக்கொள். பாலுசாமி தீட்சிதர் இங்கிலீஷ்காரனிடம் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இது மிலேச்ச வாத்தியம் என்று யாராவது வாசலில் மறித்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

2022இல் நீ குடும்ப குரூப்பில் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. குடியரசு தினக் கொண்டாட்டம் முடிகிற ஜனவரி 29 அன்று, டில்லி விஜய் சவுக்கில் ராணுவ பேண்டு வாசிக்கும் 'அபைட் வித் மீ' பாட்டை அந்த வருஷம் எடுத்துவிட்டார்கள். நம் பாமாலையில் 'என்னோடிரும், மா நேச கர்த்தரே' என்று பாடுகிறோமே, அதுதான். காந்திக்குப் பிரியமான பாட்டு. அதற்குப் பதிலாக 'ஏ மேரே வதன் கே லோகோ' வந்தது. "நம்ம பாட்டுக்கு நம்ம தேசத்துல இடமில்லையா" என்று எழுதினாய். எனக்கும் அன்று தொண்டை அடைத்தது. வந்த பாட்டின்மேல் எனக்கு வருத்தம் இல்லை, சீனப் போரில் செத்த சிப்பாய்களுக்காக 1963இல் லதா பாடியது, அதுவும் அழவைக்கும் பாட்டுதான். இத்தனை வருஷம் வாசலுக்குள் இருந்த ஒன்றை வெளியே நிறுத்தினார்களே என்பதுதான் வருத்தம். அந்த வருத்தம் தெரிந்த பையன் அந்தப் பெரியவரை எப்படி வெளியே நிறுத்தினாய் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்து, நீ கடைசியாகக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது 'தமிழணங்கே' என்று வருகிறதே, அது தெய்வத்தைக் கும்பிடுவதாகாதா என்று. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை 1891இல் தன் நாடகத்தில் எழுதியது அது. பாஷையைப் பெண்ணாக்கிப் பாடுகிறார். குருத்தோலை ஞாயிறு அன்று நீதானே பீடத்துக்குப் பக்கத்தில் நின்று "சீயோன் குமாரத்தியே, மிகவும் களிகூரு" என்று வாசிக்கிறாய்? சீயோனுக்கு ஏது குமாரத்தி? ஊரைப் பெண்ணாக்கிப் பேசினால் சகரியாவுக்குத் தீர்க்கதரிசனம், சுந்தரம் பிள்ளைக்கு விக்கிரகமா? நான் பாடுவேன், மோகனத்தில் ஆசையாகவே பாடுவேன்.

உன் மனசு ஒப்பவில்லை என்றால் எழுந்து மரியாதையாக நில், பாடாதே. அதற்கும் இந்த நாட்டில் இடம் இருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபைப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985இல் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, நின்றதே மரியாதை, பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க வைத்தது. அந்தப் பிள்ளைகளின் உபதேசம் எனக்கு ஒப்பாது. அந்தத் தீர்ப்பு ஒப்பும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். ஆகஸ்ட் 15 வந்தால் நம் வாலிபர் சங்கம் கொடியோடு செல்பி எடுத்து, நாங்களும் தேசபக்தர்கள்தான் என்று பேனர் வைக்கிறதே, அது எதற்கு? யாரிடம் சான்றிதழ் கேட்டு நிற்கிறோம்? ஜே.சி. குமரப்பா தஞ்சாவூர்க்காரர், சாஸ்திரியாரின் வழிவந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, பம்பாயில் கோட்டு சூட்டோடு இருந்தவர். 1929இல் சபர்மதிக்குப் போய் காந்தியைப் பார்த்தார். அதற்குப் பிறகு கதர், கிராமம், ஜெயில். ஜெயிலில் உட்கார்ந்து இயேசுவின் போதனையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மலைப்பிரசங்கத்தைப் படித்ததால்தான் வெள்ளைக்கார சர்க்காரை எதிர்க்கிறேன் என்கிற கட்சி அவருடையது. அந்தக் காலத்தில் நம் சபைகளில் இங்கிலாந்து ராஜாவின் ஆயுசுக்கு ஜெபம் ஏறெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து வைத்துப் பார். தேசத்தை நேசிக்கச் சொல்லி அவருக்கு யாரும் பேனர் கொடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் இருந்தார். 1960, ஜனவரி 30இல், காந்தி செத்த அதே தேதியில் செத்தார். போகிற வழிதான், ஒரு நாள் கூட்டிப்போகிறேன் வா.

நிறைய எழுதிவிட்டேன். கண்ணும் வலிக்கிறது, கண்ணாடி பவர் மாற்ற வேண்டும்.

டிசம்பருக்கு முன்னால் சில வேலை இருக்கிறது. மார்கழிப் பஜனைக்கு விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிப்போம், தபேலாவுக்கு ஆள் இல்லை, நீதான் வரவேண்டும். ஹார்மோனியத்தில் துருத்தி கிழிந்து காற்றுப் போகிறது. பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிற ஆளிடம் கொடுத்திருக்கிறேன், வரும்போது வாங்கி வா. அப்புறம், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை ஊர்வலத்துக்கு நாயனம் சொல்லியிருக்கிறேன், அதே பெரியவர்தான். கமிட்டியில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நம் சபை ஐயர் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டார். அட்வான்ஸ் நான் கொடுத்துவிட்டேன். பாக்கி உன் கணக்கு. இந்தத் தடவை வாசித்து முடித்த பிறகு கொடு.

அன்புடன்,
அத்தை