தனியே முதிராத பெண்புழு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. விக்டோரியா ஏரியில் மீன்பிடித்துப் பிழைக்கும் அந்த இளைஞர் இரத்த வாந்தியோடு வந்து சேர்ந்ததையும், ஸ்கேனில் அவருடைய கல்லீரல் தழும்பேறிக் கிடந்ததையும் நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. அதற்குக் காரணமான சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழு மனிதரின் இரத்தக் குழாய்களில் வாழ்வது. கடிதத்தின் முடிவில், "பெண்புழு ஆணோடு சேராவிட்டால் முட்டையே இடாதாமே, அது எப்படி அம்மா?" என்று கேட்டிருந்தாய். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலம் முழுவதும் நான் விடை தேடிய கேள்வி அது. இப்போது நல்ல விடை கிடைத்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கல்லீரலைக் கெடுப்பது புழுவன்று, புழுவின் முட்டை என்பது உனக்குத் தெரிந்ததே. அந்தப் புழுவின் ஓர் இனமான சிஸ்டோசோமா மான்சோனியில் ஆணும் பெண்ணும் சேர்ந்த இணை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முட்டை இடுகிறது. அவற்றில் பாதியளவு மலத்தோடு வெளியேறாமல் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இணை சேர்ந்த பெண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால், ஆணின் வயிற்றுப்புறத்து நீண்ட பள்ளத்தில் நூல்போலப் படுத்திருக்கும் அதன் உடலின் பின்பகுதி முழுவதும் மஞ்சள்கருச் செல்களால் நிறைந்து கருத்துத் தெரியும். ஆணைக் காணாமலே வளர்ந்த பெண்ணோ குட்டையாக, வெளிறி, சூலகம் முதிராமல், மஞ்சள்கருச் சுரப்பியே உருவாகாமல் இருக்கும். அது உயிரோடுதான் இருக்கிறது, இரத்தத்தை உண்ணவும் செய்கிறது. ஆனால் பருவம் எய்துவதில்லை.

இதை 1928-இலேயே செவெரிங்ஹாஸ் என்பவர் பதிவு செய்திருக்கிறார். ஆணின் விந்துதான் பெண்ணை முதிரச் செய்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1984-இல் போப்பியல், பாஷ் என்ற ஆய்வாளர்கள் புழுக்களைத் துண்டுகளாக நறுக்கி இணைசேர விட்டபோது, பெண்ணின் உடலில் ஆணைத் தொட்டுக்கொண்டிருந்த பகுதியில் மட்டுமே மஞ்சள்கருச் சுரப்பி வளர்ந்தது. தொடாத பகுதி அப்படியே இருந்தது. நான் வகுப்பில் மிகவும் விரும்பி விளக்கிய சோதனை இது. அந்தத் தூண்டல் உடல் முழுவதும் பரவுவதில்லை, தொட்ட இடத்திலேயே வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் காட்டியதில்லை.

ஹார்மோன் என்றால் சுரப்பியில் பிறந்து இரத்தத்தில் பயணம் செய்யும் பொருள் என்றே நீங்கள் மருத்துவக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். தட்டைப்புழுவுக்கு இரத்தமும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. அப்படியானால் அதன் இனப்பெருக்க உறுப்புகளுக்குச் செய்தி எவ்வழியே போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நன்னீரில் தனித்து வாழும் அதன் உறவுப்புழுவான பிளனேரியாவைப் பார்க்க வேண்டும். இருபாலுறுப்புகளும் கொண்ட ஷ்மிட்டியா மெடிட்டெரேனியா என்ற பிளனேரியாவின் தலையை வெட்டினால், எஞ்சிய உடலில் இருக்கும் விந்தகங்கள் சுருங்கித் தொடக்கநிலைச் செல்களாகி, புதிய தலை முளைத்த பிறகே மீண்டும் வளர்கின்றன. கட்டளை தலையிலிருந்து, அதாவது நரம்பிலிருந்து, வருகிறது என்பதற்கு அது முதல் தடயம். 2010-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் காலின்ஸும் பிலிப் நியூமார்க்கும் அவர்களது குழுவினரும் இப்புழுவின் பெப்டைடு (சிறு அமினோ அமிலச் சங்கிலி) ஹார்மோன் மரபணுக்களைத் தேடித் தொகுத்து, அவற்றுள் நரம்புமண்டலத்தில் உருவாகும் என்.பி.ஒய்.-8 என்ற ஒன்றின் செயலை நிறுத்தினாலே விந்தகங்கள் பின்னடைந்துவிடுவதைக் காட்டினார்கள். நம் மூளையில் பசியோடு தொடர்புடைய நியூரோபெப்டைடு ஒய்யின் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

சிஸ்டோசோமாவுக்கு வருகிறேன். அதே காலின்ஸின் குழு, டெக்சாஸில், 2022-இல் விடையை வெளியிட்டது. இணை சேர்ந்தவுடன் ஆணின் நரம்புச் செல்கள் ஒரு நொதியை உருவாக்கத் தொடங்குகின்றன. அந்த நொதி, செல்லில் வழக்கமாகப் புரதம் கட்டும் ரைபோசோமின் துணையில்லாமலே, பீட்டா-அலனைனையும் டிரிப்டமினையும் இணைத்து பீட்டா-அலனைல்-டிரிப்டமின் என்ற மிகச் சிறிய மூலக்கூறைக் கட்டுகிறது. அந்த நொதியின் மரபணுவை ஆணில் முடக்கினால், அதனோடு சேர்ந்தும் பெண் முதிர்வதில்லை. மாறாக, ஆணே இல்லாத கன்னிப் பெண்புழுக்கள் இருக்கும் வளர்ப்பு ஊடகத்தில் அந்த மூலக்கூறைச் சேர்த்தால் அவை முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. விந்து இல்லாததால் அம்முட்டைகளில் கரு இராது, ஆனால் முட்டையிடும் பணி நடக்கிறது. ஏறத்தாழ நூறாண்டுக் கேள்விக்கு இரண்டு சிறு துண்டுகள் ஒட்டிய ஒரு மூலக்கூறு விடையாக நின்றதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது, தம்பி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024-இல் நியூமார்க்கின் குழு அதே மூலக்கூறைப் பிளனேரியாவிலும் கண்டது. அங்கே அதைத் தருவது துணைப்புழு அன்று. இனச்செல்களைச் சூழ்ந்திருக்கும் அப்புழுவின் சொந்தச் செல்களே தருகின்றன. அதை உருவாக்கும் நொதியைத் தடுத்தபோது பெண் உறுப்புகள் மறைந்து, விந்தகங்கள் அளவுக்கு மீறிப் பெருத்தன. மூலக்கூறை வெளியிலிருந்து கொடுத்தபோது இனப்பெருக்கத் திறன் திரும்பியது. ஒரே பொருள் தனித்து வாழும் புழுவில் உள்ளிருந்தும், ஒட்டுண்ணியில் துணையின் உடலிலிருந்தும் வருகிறது. ஒட்டுண்ணி வாழ்க்கைக்கு மாறிய முன்னோர் பழைய வேதிச் சமிக்ஞையைக் கைவிடாமல், அதைத் தரும் பொறுப்பை ஆணுக்கு மாற்றிவிட்டதாகவே நான் கருதுகிறேன்.

உனக்கு இதில் பயன் என்ன என்று கேட்பாய். இந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து கிடைத்தால் முட்டை நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஆணிடமிருந்து பிரிக்கப்பட்ட பெண் சாவதில்லை. அதன் உறுப்புகள் பின்னடைகின்றன, மீண்டும் ஆணோடு சேர்த்தால் திரும்ப வளர்கின்றன. எனவே அத்தகைய மருந்தை நிறுத்தியதும் முட்டையிடுதல் மறுபடி தொடங்கிவிடும் என்றே எதிர்பார்க்க வேண்டும். இப்புழுவுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான பிராசிகுவாண்டெலுக்கு மாற்றாக அதை நான் நினைக்கவில்லை. அம்மருந்துக்குத் தப்பிவிடும் இளம்புழுக்கள் வளர்ந்து இணைசேரும் அந்தச் சில வாரங்களில் துணைமருந்தாகப் பயன்படலாம் என்று நம்புகிறேன். ஏரிக்கரையில் ஒரே ஆள் மறுபடி மறுபடி தொற்றுக்கு ஆளாவதைப் பார்க்கிற நீ, இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா